புதுப்பிப்பு: வர்ஜீனியா எல்லைக் குடிப்படை வீரர் கிடைத்துவிட்டார்

என் மருமகளின் மூதாதையர் அமெரிக்கப் புரட்சிப் போரில் குடிப்படையில் (ஊர் மக்களே சேர்ந்த படை) எல்லைக் காவலில் இருந்தாரா என்று முன்பு கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

படைப்பட்டியல்களில் எதுவும் இல்லை. 1800-இல் போர்த்துறை அலுவலகத் தீயில் ஏராளமான ஆவணங்கள் போய்விட்டன. கைகொடுத்தது, நிராகரிக்கப்பட்ட ஓய்வூதிய மனுக்களையும் பாருங்கள் என்ற யோசனைதான். நான் ஓய்வூதியக் கோப்புகளில் 'எஸ்' (வீரர்), 'டபிள்யூ' (விதவை) எண்களோடு நின்றுவிட்டேன். இவர் 'ஆர்' (நிராகரிக்கப்பட்டவை) வரிசையில் இருந்தார். 1832 ஓய்வூதியச் சட்டப்படி குறைந்தது ஆறு மாதச் சேவை வேண்டும், இவருக்கு ஐந்துதான். ஆனாலும் நீதிமன்றத்தில் அவர் சொன்ன வாக்குமூலம் முழுதாக இருக்கிறது: எந்தக் கோட்டை, யார் கேப்டன், எத்தனை வாரம் காவல்.

எதிர்பாராதது ஒன்று: அவர் மனைவி பின்னால் போட்ட மனுவோடு, திருமணச் சான்றாக, குடும்ப பைபிளிலிருந்து கிழித்த ஏடு. பிள்ளைகள் பிறந்த தேதியெல்லாம் அதில். மருமகள் பார்த்ததும் அழுதுவிட்டாள்.