மின்சூளை 780 பாகையைத் தாண்டுதில்லை, வழி சொல்லுங்க

கொழும்பு கொட்டாஞ்சேனையில் பெண்கள் சேர்ந்து நடத்தும் சின்ன மட்பாண்டக் கூடம் எங்களுடையது. கணவனை இழந்தவர்கள், வீட்டுவேலைக்குப் போய் அலுத்தவர்கள் என்று 9 பேர். மூன்று கிழமையாக மின்சூளை 780 பாகையிலேயே நின்றுவிடுகிறது. எங்களுக்கு 1000 வேண்டும். சட்டியைத் தட்டினால் 'டங்' இல்லை, 'டொக்' என்கிறது. தண்ணீர் ஊற்றினால் அடி ஊறிப்போகிறது.

பழைய சூளை, சிங்கிள் ஃபேஸ், 230 வோல்ட், மூடி மேலால் திறக்கும். தகடு கழன்றுபோனதால் மொடல் இலக்கம் இல்லை. சூட்டை அளக்கும் கே ரகத் தெர்மோகப்பிள், கரண்டை விட்டு நிறுத்தும் ரிலே இரண்டும் மாற்றியாச்சு. கரண்ட் 228 வோல்ட் வருகிறது, எலெக்ட்ரீசியன் அளந்து பார்த்தார். சூடேற்றும் கம்பிச் சுருள்களில் அடிவரிசைச் சுருள் இரண்டும் மங்கிய சிவப்பாகத்தான் எரிகின்றன. கோளாறு அங்கேதான் என்பது என் எண்ணம். உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தும் பொருந்தும் சுருள் கிடைக்கவில்லை. விளக்கீட்டுக்கு 600 சிட்டி (அகல் விளக்கு) ஓடர் வேறு எடுத்து வைத்திருக்கிறோம்.

கொழும்பில் மின்சூளைச் சுருளை அளவெடுத்துச் சுற்றித் தருகிறவர் யார்?