சிறு வயதில் வீசிங் இருந்த மகன் அக்னிவீர் தேர்வுக்குச் செல்லலாமா?

பெரம்பூர் அம்மா:
என் மகனுக்கு வரும் சித்திரையில் 18 வயது நிறைகிறது. நான்கு வயது முதல் ஒன்பது வயது வரை சளி பிடிக்கும்போதெல்லாம் வீசிங் வந்து, நள்ளிரவில் நெபுலைசர் வைக்க ஓடியிருக்கிறோம். பிறகு வரவில்லை. ஆனால் போகியன்று தெருவில் டயரும் பாயும் எரிந்தால் தும்மலும் மூக்கடைப்பும் மூன்று நாள் விடுவதில்லை. என்.சி.சி.யில் இருக்கும் அவனுக்கு ராணுவத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. ராணுவத்துக்கு ஆளெடுக்கும் அக்னிவீர் உடற்தகுதித் தேர்வில் 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடி முடித்து முழு 60 மதிப்பெண்ணையும் பெற வேண்டும் என்று விடியற்காலையில் பயிற்சி செய்கிறான். "பழைய நோயைப் படிவத்தில் எழுதாதே, ஓடுவதற்கு முன் இன்ஹேலரை இரண்டு முறை இழுத்துக்கொள்" என்று பயிற்சி மையம் ஒன்றில் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. 13 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் தடையில்லை என்று இணையத்தில் படித்தேன், அது உண்மையா?

ஆவடி, முன்னாள் ராணுவ மருத்துவப் பிரிவு:
சகோதரி, 13 வயதுக் கணக்கு அமெரிக்கப் படைகளுடையது. நம் படைகளின் மருத்துவ விதிகளில், ஆஸ்துமாவோ வீசிங்கோ மீண்டும் மீண்டும் வந்த வரலாறு நிராகரிப்புக்குக் காரணமாகக் கொள்ளப்படுகிறது. ஒவ்வாமையால் வரும் மூக்கழற்சியும் அதனுடனேயே சேர்த்துச் சொல்லப்பட்டுள்ளது. ஆகவே போகித் தும்மலையும் சிறிதாக எண்ண வேண்டாம்.

மறைப்பதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். லடாக்கின் உயரத்தில் காற்று குளிர்ந்தும் வறண்டும் இருக்கும். அடங்கிக் கிடந்த மூச்சுக்குழல் சுருங்குவதற்கு அதுவே போதும். பனி மூடிய நாளில் ஹெலிகாப்டர் வர இயலாது. அப்போது மூச்சு முட்டும் ஒருவனை உடன் இருப்பவர்கள்தாம் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நோயை மறைத்துச் சேர்ந்த ஓர் இளைஞன் பயிற்சிக் காலத்திலேயே இரவில் மூச்சுக்குத் தவித்ததை நான் அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். அவன் பிழைத்தான், ஆனால் வீட்டுக்கு அனுப்பப்பட்டான். பொய்யாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தவருக்குப் பணி நீக்கம் வரை நேரலாம். உங்கள் மனம் ஒப்பாதது சரியே.

தாம்பரம், நெஞ்சக மருத்துவர்:
அம்மா, சிறு குழந்தைகளுக்குச் சளியோடு வரும் வீசிங் எல்லாம் ஆஸ்துமா ஆகிவிடாது. பலருக்கு வளர வளர நின்றுவிடும். உங்கள் மகனுக்கு இருந்தது எது என்பதை இப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பழைய மருத்துவச் சீட்டுகள் இருந்தால் எடுத்துச் சென்று, குழாயில் ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையைச் செய்யுங்கள். முதல் நொடியில் ஊதி வெளியேற்றும் காற்றின் அளவு, மூச்சுக்குழலை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்த பிறகு 12 விழுக்காடும் 200 மில்லிலிட்டரும் கூடினால், அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. நலமாக இருக்கும் நாளில் நோய் இருந்தாலும் முடிவு இயல்பாக வந்துவிடலாம் என்பதால், ஓடவிட்டு அதன் பிறகும் ஒருமுறை அளப்பது நல்லது. ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமா பெரும்பாலும் ஓடி நின்ற ஐந்து முதல் பத்து நிமிடத்தில்தான் தலைதூக்கும். எனவே நல்ல நேரத்தில் ஓடி முடிப்பதை மட்டும் வைத்து நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. ஓடிவிட்டு வந்ததும் அவன் இருமுகிறானா என்று கவனியுங்கள்.

வீட்டுத் தூசியில் வாழ்ந்து ஒவ்வாமை தரும் தூசிப்பூச்சி சென்னையின் ஈரப்பதத்தில் செழித்து வளரும் என்பதால், ஒவ்வாமைக்கான தோல் பரிசோதனையும் தேவைப்படலாம். தும்மலுக்கான மாத்திரைகளை அதற்குச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டும். எத்தனை நாள் என்பதை மருத்துவர் சொல்வார். பயிற்சி மையம் சொன்னபடி இன்ஹேலர் இழுப்பதை உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

பெரம்பூர் அம்மா:
இருவருக்கும் நன்றி. இன்று காலை அவன் ஓடிவிட்டு வந்த பிறகு அருகிலேயே உட்கார்ந்து கவனித்தேன். ஏறக்குறைய அரை மணி நேரம் வறட்டு இருமல் இருந்தது. இத்தனை நாளும் அதைப் பனியால் வருவது என்றே எண்ணியிருந்தேன். அவனிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, பரிசோதனைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை அழைத்துச் செல்கிறேன்.