ஓ-320 இன்ஜினில் டேப்பெட் இடைவெளி பூஜ்யம் காட்டுகிறது, கேஸை மறுபடி பிரிக்க வேண்டுமா?

மாணவி:

வணக்கம். சென்னைப் பக்கம் ஒரு விமானப் பராமரிப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் பெரும்பாலானோர் ஜெட் பக்கம் போகிறார்கள். பி1.2, அதாவது பிஸ்டன் இன்ஜின் விமானங்களுக்கான உரிமம் எடுக்க நினைப்பவர்கள் நாங்கள் ஐந்து பேர்தான். எங்களிடம் ஒரு லைக்கமிங் ஓ-320 இன்ஜினைக் கொடுத்து முழு ஓவர்ஹால் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பழைய செஸ்னா 172-களில் இருக்குமே, அந்த வகை. பயிற்சிக்கு மட்டும்தான், பறக்காது.

கிராங்க்ஷாஃப்டில் விரிசல் உண்டா என்று மேக்னாஃப்ளக்ஸில் (காந்தச் சோதனை) பார்த்தாயிற்று. அலுமினியக் கேஸுக்கு, அதாவது இன்ஜினின் வெளிக்கூட்டுக்கு, டை பெனட்ரன்ட் (சாயம் பூசி விரிசல் தேடுவது). இரண்டு பாதியையும் மூடி, நான்கு சிலிண்டரும் ஏற்றிவிட்டோம். இப்போது டிரை டேப்பெட் கிளியரன்ஸ், அதாவது ராக்கருக்கும் (வால்வைத் தள்ளித் திறக்கும் நெம்புகோல்) வால்வுத் தண்டு முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி, பார்க்கும் இடத்தில் நிற்கிறோம். மேனுவலில் 0.028 முதல் 0.080 இன்ச் வரை இருக்க வேண்டும். எங்களுக்கு வந்தது, தௌ (இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில்:

1ஆம் சிலிண்டர்: இன்டேக் 46, எக்ஸாஸ்ட் 52
2ஆம் சிலிண்டர்: இன்டேக் 41, எக்ஸாஸ்ட் 49
3ஆம் சிலிண்டர்: இரண்டுமே பூஜ்யம், இடைவெளி அளக்கும் தகடுகளில் மிக மெல்லிய இலைகூடப் போகவில்லை
4ஆம் சிலிண்டர்: இன்டேக் 44, எக்ஸாஸ்ட் 80-ஐத் தாண்டி லொடலொடவென்று இருக்கிறது

இந்த இன்ஜினில் டேப்பெட் பாடியை (கேம்ஷாஃப்ட் தள்ளும் உருளை) மாற்ற வேண்டுமென்றால் கேஸைப் பிரித்தே ஆக வேண்டும் என்று படித்திருக்கிறேன். மூன்று வார வேலை. மறுபடி பிரிக்க வேண்டுமா? டேப்பெட்டிலிருந்து ராக்கரைத் தள்ளும் கம்பிதான் புஷ் ராட். கூட இருப்பவர்களில் ஒருவர், "புஷ் ராட் முனையைக் கொஞ்சம் தேய்த்தால் சரியாகிவிடும்" என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

பறக்கும் பள்ளி மெக்கானிக்:

தங்கச்சி, ஸ்பானரைக் கீழே வை, இன்னும் எதையும் பிரிக்காதே. முதலில் ஒரு கேள்வி. 3ஆம் சிலிண்டரைப் பார்த்தபோது பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில்தான் இருந்ததா? எக்ஸாஸ்ட் முடிந்து இன்டேக் தொடங்கும் உச்சியில் நின்றால் இரண்டு வால்வுமே கொஞ்சம் திறந்திருக்கும். அங்கே பூஜ்யம்தான் வரும்.

மாணவி:

பார்த்தோம் அண்ணா. பிளக் துளையில் கட்டைவிரலை வைத்து, காற்று தள்ளுவது தெரிந்த பிறகுதான் நிறுத்தினோம். 1-3-2-4 வரிசையில் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பினோம்.

பறக்கும் பள்ளி மெக்கானிக்:

அப்படியென்றால் அடுத்தது. 3ஆம் சிலிண்டர் ராக்கரின் புஷ் ராட் பக்கத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார். டேப்பெட்டுக்குள் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் யூனிட் காய்ந்திருந்தால் ஸ்பிரிங்கை அமுக்குவது போல இறங்கும், விட்டால் எழும்பும். கல் மாதிரி நின்றால் உள்ளே எண்ணெய் மாட்டியிருக்கிறது. கீழே இருக்கும் பால் வால்வு அதை வெளியே விடாது. எண்ணெய் இருக்கும்போது அளந்தால் இடைவெளியே தெரியாது, அதனால்தான் அந்த அளவுக்கு 'டிரை' என்று பெயர்.

மாணவி:

கல் மாதிரிதான் நிற்கிறது! இப்போதுதான் விசாரித்தேன். 3ஆம் சிலிண்டரை ஏற்றியவர் விடுமுறையில் கார் ஷெட்டில் வேலை பார்ப்பவர். அங்கே பழகியபடி, மாட்டுவதற்கு முன் இரண்டு யூனிட்டையும் எண்ணெயில் ஊறவைத்திருக்கிறார். மற்ற சிலிண்டர்களுடையதை நாங்கள் கழுவிக் காற்றடித்து மாட்டினோம்.

பறக்கும் பள்ளி மெக்கானிக்:

கேஸைப் பிரிக்க வேண்டாம். டேப்பெட் பாடிதான் கேஸுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் உட்காரும் ஹைட்ராலிக் யூனிட் தனி. ராக்கர், புஷ் ராட், அதன் உறைக்குழாய் மூன்றையும் எடுத்தால் அந்த வழியாகவே வந்துவிடும். வெளியே எடுத்ததும் அடிக்குழாய் வழியாக மெல்லிய பித்தளைக் கம்பியை விட்டு, பாலை அதன் இருக்கையிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளஞ்சரை (யூனிட்டுக்குள் ஏறி இறங்கும் தண்டு) அமுக்கு. எண்ணெய் வெளியே வரும். அப்புறம் பிரித்துக் கழுவிக் காயவை. பிளஞ்சரும் அது உட்காரும் சின்ன சிலிண்டரும் ஜோடி பொருத்தியவை, ஒரு யூனிட்டின் பிளஞ்சரை இன்னொன்றில் போட்டுவிடாதே. தனித்தனிக் கிண்ணம் வைத்துக்கொள்.

காய்ந்த பிறகு அடிக்குழாயை விரலால் மூடி, பிளஞ்சரை அமுக்கிச் சட்டென்று விடு. துள்ளி எழும்ப வேண்டும்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

3ஆம் சிலிண்டரை அப்புறம் பாருங்கள் அம்மா, எனக்குக் கவலை 4ஆம் சிலிண்டரைப் பற்றித்தான். எக்ஸாஸ்ட் வால்வின் தண்டு முனையில் சின்னதாக ஒரு இரும்புத் தொப்பி உட்கார வேண்டும், ரொட்டேட்டர் கேப். அது இருக்கிறதா? இல்லையென்றால் அது எங்கே என்று தெரியும்வரை கிராங்க்கைத் திருப்பாதீர்கள். புதிதாக ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு நகராதீர்கள். உறைக்குழாய் வழியாகக் கேஸுக்குள் விழுந்திருந்தால் அப்போதுதான் நிஜமாகவே பிரிக்க வேண்டிவரும்.

புஷ் ராட் முனையைத் தேய்க்கும் பேச்சே வேண்டாம். அந்த முனை கடினப்படுத்திய எஃகு. மேல்தோலைத் தேய்த்தால் உள்ளே இருப்பது சீக்கிரம் தேயும். ராட் உள்ளீடற்றது, அதன் வழியாகத்தான் ராக்கருக்கு எண்ணெய் போகிறது என்பதும் நினைவிருக்கட்டும். லைக்கமிங்கில் இடைவெளியைச் சரிசெய்ய ஒரே வழி, வேறு நீளமுள்ள புஷ் ராட் போடுவது. இடைவெளி குறைவென்றால் குட்டை ராட், அதிகமென்றால் நீள ராட்.

இன்ஜின் பறக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கை நாளைக்குப் பறக்கிற இன்ஜினைத் தொடும். மனசு ஒப்பவில்லை என்று நிறுத்திக் கேட்டீர்களே, அதில் எனக்கு நிறைய சந்தோஷம்.

மாணவி:

சார், தொப்பி இல்லை! வால்வு முனை மொட்டையாக இருக்கிறது. நீங்கள் சொன்னதைப் படித்ததும் கிராங்க் மேல் 'திருப்பாதே' என்று அட்டை கட்டித் தொங்கவிட்டுவிட்டுத் தேடினோம். மண்ணெண்ணெய்த் தட்டை ஒரு மெல்லிய துணியில் வடிகட்டினோம். அடியில் இருந்த கறுப்புச் சேற்றில், சட்டைப் பித்தான் அளவுக்கு, அதுவேதான். சிலிண்டரைக் கழுவியபோது கழன்றிருக்கிறது. கையில் எடுத்தபோது விரல் நடுங்கியது.

மற்ற மூன்று எக்ஸாஸ்ட் வால்வுகளிலும் தொப்பி இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டேன். கிடைத்ததைக் கழுவி, விரிசல் இல்லை என்று லென்ஸில் பார்த்து மாட்டிய பிறகு 4ஆம் எக்ஸாஸ்ட் 55.

3ஆம் சிலிண்டர் யூனிட்டுகளையும் காயவைத்து அளந்தோம். இன்டேக் 39. ஆனால் எக்ஸாஸ்ட் 19தான். மூன்று தடவை அளந்தேன், மாறவில்லை.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

அந்த வால்வு சீட்டை, அதாவது வால்வு மூடும்போது உட்காரும் வளையத்தை, எத்தனை முறை கிரைண்ட் செய்தீர்கள்?

மாணவி:

மற்றவற்றைவிட அதிகம் சார். வட்டம் முழுக்க ஒரே மாதிரித் தொடுகோடு வரவில்லை என்று மறுபடி மறுபடி செய்தோம்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

அதுதான் காரணம். சீட்டிலிருந்து உலோகம் போகப் போக வால்வு சிலிண்டர் தலைக்குள் இன்னும் ஆழமாக உட்கார்ந்துவிடும், தண்டு அந்த அளவுக்கு ராக்கர் பக்கம் நீட்டும், இடைவெளி குறையும். 28-க்குக் கீழே விட்டு ஓட்டினால் தண்டு சூட்டில் நீளும்போது பிளஞ்சர் இறங்க இடமில்லாமல் வால்வு முழுதாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் நிறையத் தள்ளுவது சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். மூடாவிட்டால் எரியும்.

முதலில் சீட்டின் அளவு டேபிள் ஆஃப் லிமிட்ஸில் (அனுமதித்த அளவுகளின் அட்டவணை) அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்கினால் குட்டை ராட். எல்லை தாண்டியிருந்தால் ராட் மாற்றி மறைக்கக் கூடாது, சீட்டையே மாற்ற வேண்டும்.

மாணவி:

சிலிண்டரை இறக்கி அளந்தோம் சார், எல்லைக்குள் இருக்கிறது. மறுபடி ஏற்றி, ஸ்டோரில் இருந்த குட்டை ராட்டைப் போட்டேன். இடைவெளி 36. பழைய 19-ஐ அழிக்காமல், பக்கத்திலேயே காரணத்தையும் புதிய பார்ட் நம்பரையும் தாளில் எழுதியிருக்கிறேன்.

பறக்கும் பள்ளி மெக்கானிக்:

அருமை தங்கச்சி. சிலிண்டரை இறக்கி ஏற்றியதால் அடி நட்டுகளை மேனுவல் வரிசைப்படியே மறுபடி டார்க் செய்தாயா, அதாவது சொன்ன அளவு முறுக்கினாயா? நட்டு உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டிவிடு. பெயின்ட் நசுங்கினால் டார்க் போய்விடும்.

மாணவி:

டார்க் செய்தோம் அண்ணா. பெயின்ட்டைப் பார்க்கவில்லை. இப்போதே போய்ப் பார்க்கிறேன்.