புதுப்பிப்பு: மொனாட்நாக், தனியாக, மூன்று தடவை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள மொனாட்நாக் மலைக்குப் பனிக்காலத்தில் தனியாகப் போகலாமா, மைக்ரோஸ்பைக்ஸ் (காலணிக்கு அடியில் மாட்டும் சிறு இரும்பு முட்கள்) மட்டும் போதுமா என்று டிசம்பரில் இங்கே கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டேன், மூன்று தடவை.

உயரம் 965 மீட்டர்தான். முதல் நாள், பலர் மிதித்து இறுகிய பனி. கற்களும் வேர்களும் மூடிக்கிடந்ததால் கோடையைவிடச் சுலபமாக ஏறினேன். தலைக்கனம் வந்தது அங்கேதான்.

இரண்டாவது தடவை முந்தைய இரவு மழை பெய்து உறைந்திருந்தது. ஒயிட் டாட் பாதையின் நடுவே செங்குத்தான பாறைச் சரிவு, அதன்மேல் கண்ணாடி பூசியதுபோல ஐஸ். முள் கிறீச்சென்று கீறியதே தவிர இறங்கிப் பிடிக்கவில்லை. ஏறிவிடலாம், இறங்குவது எப்படி? திரும்பிவிட்டேன். காரில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் புலம்பியதையும் சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவது தடவை முழங்கால் வரை புதுப்பனி. நீங்கள் சொன்னபடி ஸ்னோஷூ (பனியில் கால் புதையாமலிருக்க மாட்டும் அகலமான அடித்தட்டு) வாடகைக்கு எடுத்தேன், இல்லாவிட்டால் பாதி வழிகூடத் தாண்டியிருக்க மாட்டேன். உச்சி மொட்டைப் பாறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடியேறிகள் காட்டுக்குத் தீ வைத்ததன் மிச்சம். காற்றை மறிக்க ஒரு மரம் இல்லை. பாறையில் தீட்டிய வெள்ளைப் புள்ளிகள்தாம் வழிகாட்டி, அவையும் பனிக்கடியில். என் கால்தடத்தைப் பார்த்தே இறங்கினேன்.

அப்புறம், தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைக்கச் சொன்னவருக்கு நன்றி. மேலே இருந்த அடிப்பக்கம்தான் உறைந்தது, கீழே இருந்த மூடி திறந்தது.