புதுப்பிப்பு: குன்னூர் ரேடியோவின் பெயரில்லா வால்வு ஈஎல்84தான்

எஸ்டேட் பங்களா பரணில் கிடந்த பழைய ரேடியோ, அதில் எழுத்தெல்லாம் அழிந்துபோன ஒன்பது பின் வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய காலத்து வெற்றிடக் கண்ணாடிக் குழாய்). அது என்னவென்று போன பதிவில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

4, 5 பின்களுக்கு 6.3 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். கொடுத்தேன். ஹீட்டர் (உள்ளே சூடேறும் இழை) அழகாகச் சிவந்தது, சூடேறி நின்றதும் மீட்டர் 0.75 ஆம்பியர் காட்டியது. இதே ஒன்பது பின் வகையில் ஈசெட்80 என்ற வால்வு என்றால் 0.6 தான் இழுக்கும், அது கழிந்தது. ஈசிஎல்82-ம் கிட்டத்தட்ட இதே கரண்ட்தான். ஆனால் அது ஒரே குழாய்க்குள் இரண்டு வால்வு, அதற்குள் இரண்டு அமைப்பு இருக்கும், இதில் ஒரே ஒரு சாம்பல் நிறத் தகடு. மிச்சம் ஈஎல்84, ஈஎல்86. இரண்டுக்கும் ஹீட்டர் கரண்ட் ஒன்றே என்பதால் மீட்டர் இதற்கு மேல் உதவாது.

தீர்ப்பு சொன்னது குன்னூர்க் குளிர். காலையில் ஜன்னலோரம் வைத்து கண்ணாடியின் அடிப்பக்கம் ஊதினேன். ஆவி படிந்த இடத்தில் பொடிப்பொடியாக இரண்டு வரி: மேலே ‘ஆர்எக்ஸ்’, கீழே ‘பி’யில் தொடங்கும் ஒன்று. அச்சடித்த பெயர் விரல் பட்டே போய்விடும், பொறித்த குறி போகாது. ஆர்எக்ஸ் என்பது பிலிப்ஸ் குழுமத்தில் ஈஎல்84-க்கான குறி. பி, இங்கிலாந்தின் பிளாக்பர்னில் அதே குழுமத்தின் முல்லார்டு ஆலை.

உச்சியில் கெட்டர் (உள்ளே மிஞ்சும் காற்றை உறிஞ்சும் உலோகப் பூச்சு) வெள்ளிப் பளபளப்போடு இருக்கிறது, காற்று புகவில்லை. புகுந்திருந்தால் பால்போல வெளுத்திருக்கும்.

ரேடியோவை இன்னும் ஆன் செய்யவில்லை. வால்வின் 2-வது பின்னுக்கு (சிக்னல் நுழையும் பின்) வரும் பழைய பேப்பர் கப்பாசிட்டர் கசிந்தால் கரண்ட் எகிறி, தகடு சிவந்து வால்வே போய்விடும். முதலில் அதை மாற்ற வேண்டும்.