ஓசூர்: வருஷா வருஷம் வாடகையை எகிற விடாத அபார்ட்மென்ட்டை எப்படித் தேடுவது?

தர்மபுரி_வாசி கேட்கிறார்:
தர்மபுரியிலிருந்து ஓசூருக்குக் குடி மாறுகிறோம். வேலை சிப்காட் முதல் கட்டத்தில். நாலு பேர், இரண்டு பெட்ரூம், வாடகை 12,000க்குள். குறைந்தது மூணு வருஷம் ஒரே வீட்டில் இருக்கணும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாற்ற முடியாது. முதல் வருஷம் வாடகை குறைவாகச் சொல்லிவிட்டு அடுத்த வருஷமே ஆயிரம், ஆயிரத்தைந்நூறு ஏற்றுகிறார்கள் என்கிறார்கள். நிதானமாக ஏற்றுகிற கட்டடம் எது என்று குடி போகும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? சட்டப்படி இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஏதாவது உண்டா?

மத்திகிரி_மாடிவீடு:
கட்டடத்தைப் பார்க்காதீங்க சார், குடித்தனம் மாறினால் யாருக்கு லாபம் என்று பாருங்க. ஓனர் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருந்து, சாவி புரோக்கர் கையில் இருந்தால் ஒவ்வொரு புதுக் குடித்தனத்துக்கும் புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கமிஷன். நீங்கள் மூணு வருஷம் இருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. "மார்க்கெட் ரேட் ஏறிடுச்சு சார்" என்று ஓனருக்கு முதலில் போன் போடுவது அவர்தான். அதே கட்டடத்தில் மேல் மாடியில் ஓனர் குடியிருந்தால் கதை வேறு. தண்ணீர் தொட்டி, வாசல், வண்டி நிறுத்தம் எல்லாம் அவர் கண்ணெதிரே நடப்பதால், தொந்தரவு இல்லாத குடும்பத்தை ஐந்நூறு ரூபாய்க்காக விரட்ட யோசிப்பார். (ராத்திரி பத்தரைக்கு கேட்டைப் பூட்டுவார், அது வேறு விஷயம்.)

விசாரிக்க வேண்டிய இடம் எதிரே இருக்கிற அயர்ன் கடையும் மளிகைக் கடையும். "வாடகை எவ்வளவு" என்று கேட்காதீங்க. "இந்த பில்டிங்கில் ரொம்ப நாளா இருக்கிறவங்க யாரு?" என்று கேளுங்க. எட்டு வீட்டில் மூணு குடும்பமாவது நாலு வருஷத்துக்கு மேல் இருந்தால் ஓனர் நிதானக்காரர். டு-லெட் போர்டு நிரந்தரமாக ஆணியடித்து, போன் நம்பர் பெயின்ட்டில் எழுதியிருந்தால் அங்கே ஆள் நிற்பதில்லை என்று அர்த்தம். கிடைத்தால் காலி செய்கிறவரிடமே பேசுங்க: முதலில் எவ்வளவு, கடைசியில் எவ்வளவு, அட்வான்ஸில் என்ன பிடித்தார்கள். இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏரியா: கம்பெனி ஆட்களுக்காகக் கட்டடத்தையே மொத்தமாக எடுத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற தெருவைத் தவிருங்கள். ஆறு பேர் தலைக்கு மூவாயிரம் கொடுத்தால் 18,000. அதைப் பார்த்த பக்கத்து ஓனர் குடும்பத்திடம் 12,000க்கு எத்தனை நாள் விடுவார்? ஜூஜூவாடி பக்கம் கர்நாடக எல்லை (அத்திப்பள்ளி) என்பதால் எலக்ட்ரானிக் சிட்டி போகிறவர்கள் தங்குவார்கள், வாடகை பெங்களூரைப் பார்த்து நகரும். மத்திகிரி, ராயக்கோட்டை ரோடு உட்தெருக்கள், பாகலூர் அட்கோ குடியிருப்புப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பாருங்க. லிஃப்ட் இல்லாத இரண்டு மாடிக் கட்டடம், பத்து பதினைந்து வருஷம் பழையது என்றால் பேங்க் லோன் பெரும்பாலும் முடிந்திருக்கும். புதுக் கட்டடத்து ஓனருக்கு மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்.

பத்திரம்_பேசும்:
சட்டம் பற்றி: உச்சவரம்பு கிடையாது. பலர் 5 சதவீதம், 10 சதவீதம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஏற்றம் அக்ரிமென்ட்டில் எழுதியபடிதான். அதாவது எழுதாவிட்டால் காலம் முடிந்ததும் அவர் கேட்பதுதான் தொகை. எழுதியிருந்தால் அது இருவரையும் கட்டுப்படுத்தும்.

அதனால் "காலப்போக்கில் உயர்த்தப்படும்", "இருவரும் பேசி முடிவு செய்வது" என்ற வரிகளை அடிக்கச் சொல்லுங்கள். பதிலாக: "முதல் 12 மாதம் 12,000, அடுத்த 12 மாதம் 12,600, அதற்கடுத்த 12 மாதம் 13,230" என்று தொகையாகவே எழுதுங்கள். சதவீதம் என்று விட்டால் மெயின்டெனன்ஸையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். எழுத்தில் போட்டதை அரசின் வாடகை ஒப்பந்த இணையதளத்தில் பதிந்து பதிவு எண் வாங்குங்கள். தகராறு வந்தால் வாடகை அதிகாரியிடம் போக அதுதான் கையிலிருக்கும் பிடி. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிய வேண்டும், அந்தச் செலவை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசுங்கள்.

அட்வான்ஸ்: வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நடைமுறையில் ஐந்து, பத்து மாதம் கேட்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே "வேறு விதமாக ஒப்புக்கொண்டது" ஆகிவிடும்.

கணக்குப்புள்ள_கிருஷ்ணகிரி:
11 மாத அக்ரிமென்ட்டில் ஒரு ஓட்டை. புதுப்பிக்கும்போதெல்லாம் ஏற்றினால், ஏற்றம் 12, 23, 34ஆம் மாதங்களில் வரும், 36 மாதத்தில் மூன்று முறை. 12 மாதக் கணக்கு என்றால் 13, 25 என இரண்டே முறை. 12,000க்கு 10 சதவீத ஏற்றம் என்றால் மூணு வருஷத்து மொத்த வாடகை முதலாவதில் 4,84,836, இரண்டாவதில் 4,76,640. வித்தியாசம் 8,196. 11 மாத அக்ரிமென்ட்தான் போடுவேன் என்றால், ஏற்றம் 12 மாதம் முடிந்த பிறகே என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

"வீட்டு வரி ஏறிடுச்சு" என்றால் ரசீதைக் கேளுங்கள். அரையாண்டு வரி 3,000 என்று வையுங்கள், 10 சதவீதம் ஏறினாலும் மாதத்துக்கு 50 ரூபாய்தான் வரும்.

தர்மபுரி_வாசி:
நன்றி. கரண்ட், தண்ணீருக்குத் தனியாக வாங்குவார்களா? வாடகையே வேண்டாம், லீஸ் போட்டுக்கலாம் என்றும் ஒருவர் சொல்கிறார்.

மத்திகிரி_மாடிவீடு:
வாடகையை ஏற்றாத ஓனர் இங்கேதான் ஏற்றுவார். உங்கள் போர்ஷனுக்கென்று தனி சர்வீஸ் நம்பர் (மின் இணைப்பு எண்) இருக்கிறதா என்று இபி பில்லை வாங்கிப் பாருங்க. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். நாலு வீட்டுக்கு ஒரே மீட்டர், உள்ளே சப் மீட்டர் என்றால் அந்த 100 எல்லோருக்கும் பொது, மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டிவிடும், கட்டண விகிதமும் மாறிவிடும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவர் சொல்வதுதான் ரேட். தண்ணீருக்கு: போர்வெல் கோடையில் வற்றினால் லாரித் தண்ணீர் யார் கணக்கு? ஏப்ரல், மே மாத நிலவரத்தைப் பழைய குடித்தனக்காரரிடம் கேளுங்க.

பத்திரம்_பேசும்:
லீஸ் பற்றிச் சுருக்கமாக. சில லட்சத்தை மொத்தமாகக் கொடுத்தால் மாத வாடகை இல்லை, ஏற்றமும் இல்லை, உண்மைதான். ஆனால் காலி செய்யும்போது அந்தப் பணம் திரும்ப வருமா என்பதுதான் கேள்வி. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வங்கியில் பத்திரம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் பெரும்பாலும் அதில் தெரியும். அடமானம் இருக்கிற வீட்டுக்கு லீஸ் பணம் கொடுக்காதீர்கள். வங்கி ஏலத்துக்கு வந்தால் பதிவு செய்யாத லீஸ் பேப்பரை வைத்துக்கொண்டு நிற்பது கடினம். வில்லங்கம் சுத்தமாக இருந்தாலும் லீஸைப் பதிவு செய்யாமல் பணம் கைமாறக் கூடாது.

கணக்குப்புள்ள_கிருஷ்ணகிரி:
காலி செய்யும்போது பெயின்ட்டுக்கு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைக் கழிப்பார்கள், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கழிப்பது கடைசி மாத வாடகையா முதல் மாத வாடகையா என்று தொகையோடு. குடி போகும் அன்றே சுவரைப் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள்.