பஸ் பாட்டு: இன்னும் மனதில் உறுத்தும் ஒரு பயணம்

ஜன்னலோரம்

2016 டிசம்பர் 5, சாயங்காலம். உக்கடத்தில் பொள்ளாச்சி பஸ் ஏறினேன். தனியார் பஸ்தான், எந்த பஸ் என்று அந்த ரூட்காரர்களுக்குச் சொல்லாமலே தெரியும். முதல்நாள் ராத்திரி ஜெயலலிதாவுக்கு மாரடைப்பு என்று செய்தி வந்ததிலிருந்தே ஊர் அரை உயிராக இருந்தது. ஆபீசில் மூன்று மணிக்கே கிளம்பச் சொல்லிவிட்டார்கள். நான்தான் ஒரு ஃபைலை முடித்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். பஸ்ஸில் பாட்டு ஓடியது, ஆனால் சத்தம் குறைவு. அந்த பஸ்ஸில் சத்தம் குறைவு என்பதே ஒரு செய்திதான்.

ஈச்சனாரி தாண்டியதும் என் போனுக்கு வந்தது. டிவி சேனல்களில் போட்டுவிட்டார்கள், கட்சி ஆபீசில் கொடி இறங்கிவிட்டது என்று. நான் வாய்விட்டுப் படித்துவிட்டேன். கண்டக்டர் முன்னால் குரல் கொடுத்தார், பாட்டு நின்றது. எனக்கு முன் சீட்டில் ஒரு அம்மா, மடியில் ஈரச் சாக்கில் சுற்றிய கத்தரி நாற்று. நாற்றைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பஸ்ஸில் வேறு சத்தமே இல்லை.

ஒத்தக்கால்மண்டபம் தாண்டியிருப்போம். அடுத்த செய்தி: இல்லையாம், சிகிச்சை நடக்கிறதாம், இறக்கிய கொடியைத் திரும்ப ஏற்றிவிட்டார்களாம். இதையும் நான்தான் படித்தேன். அந்த அம்மா திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தார். "நல்லாப் பாத்துச் சொல்லு கண்ணு. இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

கிணத்துக்கடவில் இறங்கும்போது "நீ நல்லா இருக்கோணும் சாமி" என்று சொல்லிவிட்டுப் போனார். நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்தது, 11.30க்கு மறைந்தார் என்று. எனக்கு முதலில் நினைவு வந்தது அந்த ஈரச் சாக்குதான்.

நடுவில் டிரைவர் பாட்டைத் திரும்பப் போட்டார், அது தனிக்கதை. உங்களுடையதைச் சொல்லுங்கள்.

சத்திரம்_ஜங்ஷன்

திருச்சி டவுன் பஸ் பற்றி விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். 2020 செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு எஸ்பிபி போய்விட்டார். நான் ஏறியது நாலு மணிக்கு. டிரைவர் அவர் பாட்டாகப் போட்டுக்கொண்டே வந்தார். பாலக்கரையில் ஏறினவர்கள்கூட ஒன்றும் கேட்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

என் எதிரே ஒரு பெரியவர். துணி மாஸ்க். உள்ளே பாடுகிறார் என்பது மாஸ்க்கைப் பார்த்தால்தான் தெரியும், உப்பும், ஒட்டும். ஒரு சரணத்தில் நீளமாக இழுக்கிற இடம் வரும் இல்லையா, அங்கே மாஸ்க் மூக்கோடு ஒட்டி அப்படியே நின்றுவிட்டது. மூச்சு விடாமல் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறார்.

நான் சொன்னேன்: "ஐயா, கொஞ்சம் தள்ளி நின்னு பாடுங்க. காலம் சரியில்ல."

கோபப்படவில்லை. தலையாட்டிவிட்டு இரண்டு அடி தள்ளிப் போய் நின்றார். அப்புறம் மாஸ்க் அசையவில்லை. என் வீட்டில் அப்போது அம்மாவுக்குச் சர்க்கரை, நான் சொன்னது தப்பில்லை. தப்பில்லை என்று ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சி60

முதல் இரண்டும் செய்தி நாளில் நடந்த கதைகள். பஸ் பாட்டுக் கதை இல்லை. சத்திரம் தம்பி சொல்வதில் டிரைவர் செய்தது பென் டிரைவில் ஒரு ஃபோல்டரைத் திறந்ததுதான். ஆயிரம் பாட்டு உள்ளே கிடந்தால் அதில் தேர்வு என்ன இருக்கிறது?

1989ல் சேலம் – ராசிபுரம் ரூட்டில் டிரைவரே ரெக்கார்டிங் சென்டரில் உட்கார்ந்து, கேசட்டில் எந்தெந்தப் பாட்டு பதிய வேண்டும் என்று சீட்டு எழுதுவார். எனக்குத் தெரியும், அந்தக் கடையில் நான் கல்லாவில் இருந்தேன். 60 நிமிட கேசட், பக்கத்துக்கு 30. நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஆறு தாராளமாகப் போகும், கடைசியில் மூன்று நிமிடம் மிச்சம். "ஏழாவது ஒண்ணு போட்டு விடுப்பா, வர்ற வரைக்கும் வரட்டும்" என்பார்கள். வர்ற வரைக்கும்தான் வரும். இரண்டாவது சரணம் ஆரம்பித்து நாலு வார்த்தை, டக். ஆட்டோ ரிவர்ஸ். பி பக்கம் முதல் பாட்டு நாதஸ்வரத்தோடு ஆரம்பிக்கும்.

வேலைக்கு அந்த பஸ்ஸில்தான் நானும் போவேன். ஆண்டகளூர் கேட் பக்கத்தில் சரியாக அந்த டக் வரும். ஒரு நாள் காலை நெரிசலில் அந்த நாலாவது வார்த்தை முடிந்ததும் முழு பஸ்ஸும் வாயால் "டக்" என்றது. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்ததில் ஒரு மாட்டு வண்டியை உரசப் போனார்.

போன வருஷம் யூடியூபில் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டேன். இரண்டாவது சரணம் யாரோ பிற்பாடு எழுதிச் சேர்த்த மாதிரி இருந்தது.

நாலாவது_ஸ்டாப்

எல்லோரும் உருகுகிறீர்கள், கொஞ்சம் கெடுத்துவிடுகிறேன்.

2008லிருந்து 2011 வரை திருச்செங்கோடு பக்கம் காலேஜ். காலை 7.50 பஸ். என் ஸ்டாப்பில் பஸ் நிற்கும்போது, ஓடுகிற பாட்டு பாதியில் அறுந்து வேறொன்று ஆரம்பிக்கும். தினமும் அதே பாட்டு. பத்து நாள் எனக்குப் புரியவில்லை. கூட வருகிற பெண்கள் இருமிக் காட்டியபோதுதான் புரிந்தது. டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியை ஒரு விரலால் திருப்புவார்.

மூன்று வருஷம். ஒரு வார்த்தை பேசியதில்லை, அதனால் புகார் சொல்ல ஒன்றும் இல்லை. "பாட்டு போடுகிறார்" என்று வீட்டில் சொல்ல முடியுமா? சொன்னால் காலேஜ்தான் நிற்கும், பாட்டு நிற்காது.

ஒரே ஒரு நாள் அப்பாவோடு ஏறினேன், ஃபீஸ் கட்டுவதற்கு. அன்றைக்குப் பாட்டு மாறவில்லை. முருகன் பாட்டு காலேஜ் வாசல் வரைக்கும். அப்பா இறங்கும்போது சொன்னார், "நல்ல பஸ்ஸும்மா. இதிலயே வா."

2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லையே, அதில்தான் இப்போது வேலைக்குப் போகிறேன். காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று கிண்டல் செய்கிறார்கள். அந்த பஸ்ஸில் ஜன்னல் ஆடுகிற சத்தம் மட்டும்தான் இருக்கும். எனக்கு அது போதும்.

பின்சீட்டு

தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினாலு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கிற மனுஷனுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் சந்தோஷம். வாயைத் திறந்து ஒன்றும் கேட்கவில்லை, கையைப் பிடிக்கவில்லை. ஒரு பாட்டு. அதையும் குற்றம் என்றால் எப்படி? எங்கள் ரூட்டில் இப்படி ஆரம்பித்து இரண்டு கல்யாணம் நடந்திருக்கிறது.

நாலாவது_ஸ்டாப்

நான் தங்கச்சி இல்லை. அந்த இரண்டு கல்யாணப் பெண்களும் இங்கே வந்து எழுதட்டும், படிக்கிறேன். அப்பா ஏறிய அன்றைக்கு முருகன் பாட்டு போடத் தெரிந்தது இல்லையா, அப்படியென்றால் செய்வது என்ன என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

கரூர்_பட்டறை

சண்டை வேண்டாம். நான் கரூரில் பஸ் பாடி கட்டுகிற இடத்தில் இருபது வருஷமாக வயரிங் வேலை. ஒரு ஓனர் புது பஸ்ஸில் சிஸ்டம் சோதிக்க வந்தார். சாமி பாட்டு கொண்டுவருவார்கள், அதுதான் வழக்கம். இவர் பழைய கேசட் ஒன்று கொண்டுவந்தார், காலமான அவர் அப்பா வீட்டில் பேசிப் பதிந்தது. போட்டேன். எட்டு ஸ்பீக்கரிலும் அவர் அப்பா இருமினார். ஓனர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவுதான்.

நான் சொல்ல வந்தது வேறு. சத்தம் தொந்தரவு என்கிறவர்கள் எங்கே உட்கார வேண்டும் என்று தெரியாமல் உட்காருகிறீர்கள். ஸ்பீக்கர் லக்கேஜ் கேரியருக்கு அடியில், இரண்டு பக்கமும் வரிசையாக இருக்கும். ஒரு சீட் விட்டு ஒரு சீட் என்று வராது, ஜன்னல் தூணைப் பார்த்துத்தான் அடிப்போம். ஏறியதும் தலைக்கு மேலே பாருங்கள். வலை போட்ட வட்டம் தெரிந்தால் அந்த சீட் வேண்டாம், இரண்டு வட்டத்துக்கு நடுவில் உட்காருங்கள். கடைசி சீட்டுக்கு அடியில்தான் பெரும்பாலும் ஊஃபர் பெட்டி, அதாவது பேஸ் சத்தம் தருகிற பெரிய ஸ்பீக்கர், வைக்கச் சொல்வார்கள். அங்கே உட்கார்ந்து முதுகு வலிக்கிறது என்றால் ரோட்டைத் திட்டாதீர்கள். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டும் வேண்டாம், பாட்டும் குலுக்கலும் சேர்ந்து வரும். இன்ஜின் பக்கத்து சீட் நல்லது என்று சிலர் நினைப்பார்கள். இன்ஜின் சத்தத்தை அமுக்கத்தான் டிரைவர் வால்யூமையே ஏற்றுகிறார், அதனால் அங்கே இரண்டும் கிடைக்கும்.

பாட்டு கரகரப்பாக வந்தால் அது பாட்டின் குற்றம் இல்லை. பஸ்ஸில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி சேர்ந்து 24 வோல்ட். காருக்கு வருகிற ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட். நடுவில் கன்வெர்ட்டர் போட வேண்டும். காசைப் பார்த்து இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் இழுப்பார்கள். அந்த பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும், சத்தமும் நசுங்கும். இது ஓனர்களுக்கு.

அப்புறம், கண்டக்டரிடம் "சத்தத்தைக் குறைங்க" என்று சொல்லாதீர்கள், ஏறும். "அண்ணா, இந்தப் பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு போச்சே, அது என்ன பாட்டு?" என்று கேளுங்கள். உங்களிடம் பதில் சொல்வதற்காகவே குறைப்பார். குழந்தையோடு போகிறவர்கள் நடுவாசலுக்கு நேரே வேண்டாம். காதுக்குப் பஞ்சு வைப்பது வீண், பேஸ் சத்தம் காது வழியாக மட்டும் வருவதில்லை.

சி60

வயரிங் அண்ணே, யாரும் கேட்கவில்லை. ஆனாலும் ஊஃபர் விஷயத்துக்கு நன்றி, டாக்டர் என்னை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்.

நல்லூர்த்_தேர்

எங்கடை யாழ்ப்பாணப் பக்கத்துக் கதை ஒன்று. 2010, நல்லூர்த் திருவிழாவுக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் இரவு பஸ் எடுத்தோம். வவுனியா வரைக்கும் சிங்களப் பாட்டுத்தான் ஓடியது, நல்ல பாட்டுகள், குறை சொல்லக்கூடாது. ஓமந்தை ஆமி சோதனைச்சாவடியில் பாட்டை நிப்பாட்டி, லைட்டைப் போட்டு, எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டை, பை, வரிசை. அந்தப் பக்கம் போய்த் திரும்ப ஏறினோம்.

பஸ் வெளிக்கிட்டுக் கொஞ்ச நேரத்தில் டிரைவர் பெடியன் தமிழ்ப் பாட்டு போட்டான். எனக்கு முன்னால் ஒரு பிள்ளை, ஐந்து வயதிருக்கும், நித்திரை குழம்பிய உசாரில் பெரிய குரலில் கூடப் பாடத் தொடங்கியது. தாய் சடாரென்று வாயைப் பொத்தினா. பொத்திய கையோடு திரும்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தா. வெளியில் இருட்டுத்தான். ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிட்டுக் கையை எடுத்தா. "பாடம்மா" என்றா. பிள்ளை பாடவில்லை, கோபத்தில் படுத்துவிட்டது.

மூணாம்_பேர்

கதை ஏதும் இல்லை, ஒரு சந்தேகம். 2017 மார்ச்சில் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்பிபிக்கே வக்கீல் நோட்டீஸ் போனது, ராஜா இசையமைத்த பாட்டை மேடையில் பாட அனுமதி வாங்கவில்லை என்று. பாடினவருக்கே அந்த கதி என்றால், நாற்பது வருஷமாக டிக்கெட் கிழித்துக் கிழித்து அந்தப் பாட்டுகளைப் போட்ட பஸ்காரர்கள் எவ்வளவு பாக்கி?

பின்சீட்டு

ராஜா இல்லையென்றால் பாதி தனியார் பஸ் ஓடியே இருக்காது. பாக்கி எல்லாம் இருக்கட்டும், அவர் அந்த பஸ்களில் ஏறினால் டிக்கெட் வாங்குவார்களா?

மூணாம்_பேர்

பதில் சொல்லாமல் பாசத்தைக் காட்டுவதுதான் நம் வழக்கம். பொது இடத்தில் பாட்டு போட உரிமம் வேண்டும் என்பது சட்டத்தில் இருக்கிறது. டீக்கடைக்கும் அதுதான் என்று ஆரம்பித்தால்...

சத்திரம்_ஜங்ஷன்

ஆரம்பிக்காதீர்கள். ஜன்னலோரம் இன்னும் தனிக்கதையைச் சொல்லவில்லை. பாட்டைத் திரும்பப் போட்டார் என்றீர்களே, அன்றைக்கு என்ன பாட்டு போட முடியும்?

ஜன்னலோரம்

ஊருக்குப் போயிருந்தேன், தாமதம். நாலாவது ஸ்டாப், நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எங்கள் ரூட் டிரைவர் கண்ணாடியைத் திருப்புகிறாரா என்று பார்க்க ஆரம்பித்திருக்கிறேன்.

அன்றைக்கு நடந்தது இது. பொய்ச்செய்தி என்றதும் இரண்டு இளைஞர்கள் "பாட்டு போடுங்கண்ணா" என்றார்கள். ஒருவர் "போடாதே" என்றார், வெள்ளை வேட்டியில் கரை இருந்தது. டிரைவர் பாவம், எதற்கும் இருக்கட்டும் என்று ரிமோட்டைக் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டார். அவர் ஒரு பட்டனை அழுத்தினார். எம்ஜிஆரும் ஜெயலலிதாவும் சேர்ந்து நடித்தது 28 படம். அந்த பென் டிரைவில் இருந்த நூற்றுக்கணக்கான பாட்டில், அந்த 28ல் ஒன்றிலிருந்து ஒரு டூயட் வந்தது.

முழு பஸ்ஸும் கண்டக்டரைப் பார்த்தது. இது அஞ்சலியா, கொண்டாட்டமா, கிண்டலா என்று யாருக்கும் புரியவில்லை. நிறுத்தினால் ஒரு தப்பு, ஓடவிட்டால் ஒரு தப்பு. கத்தரி நாற்று அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துவிட்டு ஜன்னல் கம்பியில் விரலால் தாளம் போட்டார்.

கண்டக்டர் பையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சீட்டாக வந்தார். டிக்கெட் கேட்கவில்லை. வேட்டிக்காரரிடம், இளைஞர்களிடம், என்னிடம், எல்லோரிடமும் குனிந்து ஒன்றுதான் சொன்னார்: "அதுவா வந்ததுங்க. நாங்க போடலீங்க."